அடித்தது ஒரு பாம்பு, கடித்தது வேறு பாம்பு: பாகூர்ப் பக்கம் ஒரு கட்டுவிரியன் கடி

இது 2024 டிசம்பர் முதல் வாரத்தில், ஃபெஞ்சல் புயல் போன கையோடு, புதுச்சேரியின் பாகூருக்குத் தெற்கே தென்பெண்ணைக் கரையை ஒட்டிய ஒரு ஊரில் நடந்தது. கடிபட்ட அக்காவும் அவர் வீட்டாரும் "எழுதுங்க, நாலு பேருக்குத் தெரியட்டும், பேரு மட்டும் வேணாம்" என்றதால் ஊர், தெரு, ஆஸ்பத்திரி எதன் பெயரும் இங்கே வராது. நான் டாக்டர் இல்லை, பாம்பு பிடிப்பவனும் இல்லை. பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுக்கிறேன், சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டுக்குள் பாம்பு நுழைந்தாலும் போட்டோ என் போனுக்கு வந்துவிடும், அவ்வளவுதான் என் தகுதி.

புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. நகரத்தில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. அந்தத் தண்ணீர் வடிவதற்குள் சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட வெள்ளம் தென்பெண்ணையில் வந்து சேர, சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர் ஏரிக்கு வரும் பங்காரு வாய்க்கால் பக்கமெல்லாம் எது கரை எது வயல் என்று தெரியாமல் கிடந்தது. வயலில் தண்ணீர் நின்றால் வரப்பில் இருக்கும் எலி வளையெல்லாம் முழுகிவிடும். எலி மேட்டுக்கு ஏறும், அதன் பின்னாலேயே பாம்பும் ஏறும், எலி கிடைக்காவிட்டாலும் நனையாத இடம் அதற்கும் வேண்டுமே. நான் சொல்லும் தெரு ஒரு மேட்டுத் தெரு. ஊரே முழுகினாலும் எங்கள் வாசலுக்குத் தண்ணீர் வராது என்று அங்கே இருப்பவர்களுக்கு ஒரு பெருமை உண்டு.

முதல் பாம்பு

புயலுக்கு அப்புறம் கரண்ட் வந்த முதல் ராத்திரி, எட்டு மணி வாக்கில், தெருக்கோடி ஓட்டு வீட்டில் ட்யூப்லைட் பக்கத்துச் சுவரில் ஒரு பாம்பு ஏறிக்கொண்டிருந்தது. பழுப்பு உடம்பு, அதில் வெளிறிய பட்டைகள். "கட்டுவிரியன்டா" என்று யாரோ கத்தியதும் தெருவே கம்போடு வந்துவிட்டது. அடித்து, வாசலில் போட்டு, அளவு தெரியட்டும் என்று பக்கத்தில் ஒரு செருப்பை வைத்துப் படம் எடுத்து, தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தும் முடித்துவிட்டார்கள்.

எனக்குப் படம் வந்தபோது மணி பத்து. பெரிதாக்கிப் பார்த்தேன். பட்டைகள் கழுத்தருகிலேயே தொடங்கியிருந்தன. முன்பாதியில் அகலமாக, பளிச்சென்று இருந்தவை வாலை நோக்கிப் போகப் போக மங்கி, கடைசியில் வெறும் பழுப்புதான் மிச்சம். தலை தட்டையாக இருந்தது. செருப்பை வைத்துப் பார்த்தால் மொத்த நீளம் ஒன்றரை அடியைத் தாண்டாது. இது வெள்ளிக்கோல் வரையன், விஷம் இல்லாதது. விளக்கு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், பல்லிக்கு இது வரும். சுவர் ஏறுவதில் கெட்டிக்காரன். கையில் எடுத்தால் வெடுக்கென்று கடிக்கும், ரத்தம்கூட வரும், சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

கட்டுவிரியனில் இந்தப் பட்டைக் கணக்கு தலைகீழ். வளர்ந்த கட்டுவிரியனுக்குத் தலையிலிருந்து கொஞ்ச தூரம் பட்டையே இருக்காது, இருந்தாலும் விட்டுவிட்டுப் புள்ளிகளாக இருக்கும். அதற்கப்புறம் மெல்லிய வெள்ளைக் கோடுகள், பெரும்பாலும் இரண்டிரண்டாக, வால் நுனி வரை தெளிவாகப் போகும். உடம்பு நீலம் கலந்த கறுப்பு, எண்ணெய் பூசின பளபளப்பு. அது தரையில் திரியும் பாம்பு, சுவர் ஏறுவதில் அவ்வளவு சாமர்த்தியம் போதாது. குட்டியாக இருந்தால் முன்பக்கமும் கோடு இருக்கும், அப்போது பட்டையை மட்டும் நம்பிச் சொல்வது ஆபத்து. அதனால்தான் தெரியாதவர்கள் கிட்டே போகாமல் தூரத்திலிருந்து படம் எடுங்கள், நன்றாகத் தள்ளி நில்லுங்கள் என்று தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

குழுவில் எழுதினேன், இது வெள்ளிக்கோல் வரையன், கட்டுவிரியன் இல்லை என்று. நாலைந்து கட்டைவிரல் வந்தது. "எதுக்கு சார் ரிஸ்க்கு, எதுவா இருந்தா என்ன" என்று ஒரு தம்பி போட்டார். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. வீட்டில் கைக்குழந்தை இருக்கும்போது பாம்பு நூலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் "எதுவா இருந்தா என்ன" என்பதற்கு ஒரு விலை இருந்தது. கட்டுவிரியன் வந்தது, அடித்தாயிற்று, தெரு சுத்தம் என்று எல்லோர் மனதிலும் பதிந்துபோனது. தெருவுக்கு ஒரு கட்டுவிரியன்தான் என்று ரேஷனா வைத்திருக்கிறார்கள்?

கடி

அதற்கு மூன்றாம் நாள். அதே தெருவில் நாலு வீடு தள்ளி. நாற்பதைத் தாண்டிய அக்கா, வீட்டுக்காரர் கரும்புத் தோட்ட வேலைக்குப் போகிறவர், மகள் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், புயல் லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரே கட்டில், அது மகளுக்கு. அக்காவும் வீட்டுக்காரரும் முன்கூடத்தில் பாய் விரித்துத் தரையில் படுத்திருந்தார்கள். கதவுக்கடியில் இரண்டு விரல் நுழையும் அளவு சந்து.

நடுராத்திரிக்கு அப்புறம் எப்போதோ கையில் சுருக்கென்று ஏதோ கடித்ததாகவும், எறும்பு என்று நினைத்து உதறிவிட்டுத் திரும்பிப் படுத்ததாகவும் அக்காவுக்குப் பின்னால் ஞாபகம் வந்தது. அப்போது விளக்குக்கூடப் போடவில்லை. மூன்றரை மணிக்கு வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலி. இரண்டு தடவை வாந்தி. வீட்டுக்காரர் ஓமத் தண்ணீர் கொடுத்தார். மழைத் தண்ணீர் குடித்த கோளாறு என்று நினைத்தார்கள், அந்த வாரம் ஊரில் பாதிப் பேருக்கு வயிறு சரியில்லை, நினைத்ததில் தப்பில்லை. ஐந்து மணிக்குப் பைக்கில் உட்காரவைத்துப் பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனார். வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கேஸ் என்று ஒரு ஊசி போட்டு, மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள்.

ஆறு மணி சுமாருக்குக் காபியை வாயில் ஊற்றினால் முழுங்க முடியவில்லை, கடைவாயில் வழிகிறது. பேச்சு மூக்கால் வருகிறது. ராத்திரி முழுக்கத் தூங்காத அசதி என்று வீட்டுக்காரர் சொல்ல, மகள்தான் அம்மா முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்திருக்கிறாள். இரண்டு இமையும் பாதிக் கண்ணுக்கு இறங்கியிருந்தன. "அம்மா, தலையத் தூக்காம கண்ண மட்டும் மேல கொண்டுபோ, மேல ஓட்டப் பாரு" என்றாளாம். முடியவில்லை. நெற்றி சுருங்குகிறது, இமை எழும்பவில்லை. "ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டு எண்ணு" என்றதற்கு எட்டோடு நின்றுவிட்டது.

"அப்பா, இது பாம்புக்கடிப்பா." அதற்கு அவர் சொன்ன பதிலுக்காகத்தான் இந்த முழு விவரத்தையும் எழுதுகிறேன்: "ஏம்மா, அதத்தான் முந்தாநாளே அடிச்சிட்டாங்களே."

108 வந்து, அங்கங்கே தண்ணீர் நின்ற ரோட்டில் சுற்றிக்கொண்டு, வென்டிலேட்டர் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஏழேமுக்கால் ஆகிவிட்டது. அங்கே அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி தரையிலா படுத்திருந்தாங்க?" என்பதுதான். தரையில் படுத்தவர், விடியற்காலை வயிற்று வலி, இமை இறக்கம், முழுங்க முடியாமை. இந்த நாலும் சேர்ந்தால் கடிவாய் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். உடம்பு முழுக்கத் தேடியும் உறுதியாகச் சொல்கிற மாதிரி ஒரு அடையாளமும் இல்லை. வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை. புதுக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிஷம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கும் சோதனையில் ரத்தம் ஒழுங்காக உறைந்திருந்தது. கண்ணாடி விரியனாக இருந்தால் உறையாமல் தண்ணீராக ஓடியிருக்கும். கட்டுவிரியன் விஷம் ரத்தத்தைத் தொடாது, நரம்பைத்தான் பிடிக்கும்.

விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி டிரிப்ஸில் ஏறியது. ஏறும்போதே மூச்சு குறைந்ததால் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்துவிட்டார்கள்.

மருந்து ஏறியும் ஏன் எழுந்திருக்கவில்லை

வெளியே காத்திருந்த சொந்தக்காரர்கள் மருந்து போட்டும் கண் திறக்கவில்லையே, மருந்து பழசோ, வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாமா, மந்திரிக்கிறவர் ஒருவர் இருக்கிறாராமே என்று ஆரம்பித்துவிட்டார்கள். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் நோயாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுகின்றன.

நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி போகும் முனை ஒன்று இருக்கிறது. கட்டுவிரியன் விஷம் நரம்புப் பக்கத்து முனையையே சிதைத்துவிடும். மருந்து ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் விஷத்தைப் பிடித்து முடக்கும், ஏற்கெனவே சிதைந்த முனையை அதனால் ஒட்டவைக்க முடியாது. அந்த முனை திரும்ப வளர நாள் ஆகும், அதுவரை மூச்சை மெஷின்தான் இழுத்துவிட வேண்டும். நல்ல பாம்பு கடித்தாலும் இமை இறங்கும், மூச்சு நிற்கும், ஆனால் அதன் விஷம் பெரும்பாலும் தசைப் பக்கத்து வாசலை அடைத்து உட்காருவதால் மருந்துக்கும் நியோஸ்டிக்மின் ஊசிக்கும் சீக்கிரம் வழிவிடும். கூடவே கடித்த இடத்தில் வலி, வீக்கம், தோல் கறுத்துப்போவது எல்லாம் இருக்கும். கட்டுவிரியன் அப்படி ஒரு தடயமும் வைக்காமல் போய்விடும். வந்து சேர நேரமாக ஆக சிதைந்த முனைகள் கூடும், மெஷினில் கிடக்கும் நாளும் கூடும். கேஸ் ஊசிக்குப் போன இரண்டு மணி நேரத்தை அப்படித்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. இந்த நிலையில் இருக்கும் ஆளுக்குக் கண் திறக்காது, கை அசையாது, சில சமயம் கண்மணிகூட விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காது. பார்க்கிறவர்கள் மூளை போய்விட்டது என்று நினைப்பார்கள். நினைவு முழுசாக இருக்கும், காது கேட்கும். அக்கா பிறகு சொன்னார்: "எங்க நாத்தனாரு பக்கத்துல நின்னு, இனிமே எங்க பொழைக்கப் போறா, நகையக் கழட்டி வச்சிக்கிங்கன்னு சொன்னது எனக்கு நல்லா கேட்டுதுங்க தம்பி. பதில் சொல்லத்தான் முடியல." நாத்தனார் இப்போது அந்த வீட்டுப் பக்கம் வருவது குறைவு.

ஐந்தாம் நாள் இமை கொஞ்சம் அசைந்தது, ஆறாம் நாள் குழாயை எடுத்தார்கள். பொங்கலுக்கு வீட்டில் இருந்தார்.

செங்கல் அடுக்கு

பாம்பு எங்கே என்ற கேள்வி பாக்கி இருந்தது. தெரியவேண்டியது சிகிச்சைக்காக இல்லை. நம் நாட்டில் கொடுக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்ந்த ஒரே மருந்து, அதனால் பாம்பை அடித்துப் பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது வீண் வேலை, போகிற வழியில் இன்னொருவர் கடிபடுவதும் உண்டு. தெரியவேண்டியது, அந்த வீட்டில் இன்னும் ஆள் தரையில் படுக்கிறார்களே என்பதற்காக.

எனக்குத் தெரிந்த இருளர் பெரியவர் ஒருவரை அழைத்துப் போனேன். வீட்டுக்குள் போய்ப் பாம்பைத் தேடுவார் என்று எல்லோரும் கூடி நின்றார்கள், அவர் உள்ளேயே நுழையவில்லை. வீட்டைச் சுற்றி வெளியே மெதுவாக நடந்தார். எலி வளை எங்கே, வளை வாயில் மண் புதுசா பழசா, கோழிக்கூண்டு எங்கே, பாத்திரம் கழுவும் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தவர், முன்கூடத்துச் சுவரை ஒட்டி அடுக்கியிருந்த செங்கல் பக்கம் நின்றுவிட்டார். மாடி கட்ட வாங்கிப் போட்டு, காசு பத்தாமல் வருஷக்கணக்காகக் கிடக்கும் செங்கல். அக்கா படுத்த இடத்துக்கும் அதற்கும் நடுவில் சுவரையும் கதவுச் சந்தையும் தவிர வேறு எதுவும் இல்லை.

இரண்டாவது வரிசைச் சந்திலிருந்து ஒரு பாம்புச் சட்டையை நுனிவிரலால் உருவி எடுத்தார். கிழிந்துதான் வந்தது, வால் பகுதி மட்டும் முழுசாக இருந்தது. வெயிலில் பிடித்தால் செதில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. பக்கவாட்டில் இருந்தவை சின்னச் சின்னது. முதுகு நடுவில் நெடுக ஓடிய ஒரு வரிசை மட்டும் பெரிசு, ஒவ்வொன்றும் ஆறு பக்கம் வைத்த கட்டம். வெள்ளிக்கோல் வரையனுக்கு முதுகில் எல்லாச் செதிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். பிறகு வாலைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினார். கட்டுவிரியனுக்கு வாலடியில் செதில்கள் பிரியாமல் குறுக்கே ஒற்றைப் பட்டையாக இருக்கும். வரையனுக்கு நடுவில் கோடு விழுந்து இரண்டு இரண்டாகப் பிரிந்திருக்கும். இங்கே ஒற்றை. நிறம் போனாலும் சட்டை பொய் சொல்லவில்லை. நான் நூலில் படித்ததை அவர் "முதுகுல பெரிய கட்டம் ஓடுதா, அடியில பிரியாம இருக்குதா, அவன்தான் வாத்தியாரே" என்று முடித்துவிட்டார்.

வனத்துறைக்குச் சொல்லி, ஆள் வந்ததும் பட்டப்பகலில் செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். கிட்டத்தட்ட அடி வரிசையில், உடம்பைச் சுருட்டித் தலையை உள்ளே செருகிக்கொண்டு, மூன்றடி நீளக் கட்டுவிரியன். வெளிச்சம் பட்டும் ஓடவில்லை, தலையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டது. "பகல்ல இது தூங்குமூஞ்சி. தொட்டாக்கூட சும்மா கெடக்கும்னு பசங்க வெளையாடுவானுங்க. ராத்திரிதான் இதுக்கு உசுரு வரும்" என்றார் பெரியவர். கடித்தது இதேதான் என்று சத்தியம் பண்ண எனக்குத் தெரியாது. இருந்தது, பக்கத்தில் இருந்தது, அந்த நேரத்தில் நடமாடுவது, அந்த நோய்க்குறியைக் கொடுப்பது, அது போதும்.

இந்தப் பெரியவரின் சனங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அக்காவுக்கு ஏறிய மாதிரி மருந்தைக் குதிரைக்கு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றித் தயாரிக்கிறார்கள். அந்த விஷத்தில் பெரும்பங்கு நம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே, வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. பிடித்த பாம்பிடம் விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டிலேயே விடுகிறார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதே இருளர்களுக்கு எங்கள் பக்கத்து ஊர்களில் சாதிச் சான்றிதழ் வாங்க எத்தனை நடை நடக்க வேண்டியிருக்கிறது என்பது வேறு கதை, இங்கே வேண்டாம்.

தெருவில் யார் யார் குடியிருக்கிறார்கள்

அக்கா திரும்பி வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருக்காரர்களை உட்காரவைத்து, உங்களுக்குத் தெரிந்த பாம்பையெல்லாம் சொல்லுங்கள் என்றேன். பேர் தெரியாதவர் யாருமில்லை. சாரை, நல்லது, தண்ணிப்பாம்பு, பச்சப்பாம்பு, கொம்பேறி மூக்கன், மண்ணுளி, விரியன் என்று சரமாரியாக வந்தது. எது எங்கே, எந்த நேரத்தில் என்று கேட்டதும் பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டார்கள். சொன்ன மீதிப் பேர் பெரும்பாலும் பெண்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள். இது எனக்கு ஆச்சரியமில்லை.

மழைக்காலத்தில் ரோட்டில் கிடந்து அடிபடுவதில் முக்கால்வாசி தண்ணீர்ப்பாம்புதான். உடம்பில் சதுரங்கக் கட்டம் போட்டிருக்கும், கண்ணுக்குக் கீழே சாய்வாகக் கறுப்புக் கோடு. தவளைக்கும் மீனுக்கும் வருகிறது. கோபக்காரப் பாம்பு, கழுத்தைத் தட்டையாக்கிச் சீறும், அதைப் பார்த்து நல்ல பாம்புக் குட்டி என்று அடிப்பார்கள். விஷம் கிடையாது. சாரை ஆறு ஏழு அடி வரும், எலி தின்னும், பகலில் நடமாடும். சாரையும் நல்ல பாம்பும் பிணைகிறது என்று வருஷாவருஷம் வீடியோ வரும், துண்டு விரித்து வேண்டிக்கொள்கிறவர்களும் உண்டு. அது இரண்டு ஆண் சாரைகள் மல்லுக்கு நிற்பது. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்கும் என்று ஒரு பாட்டி சொன்னார், அதற்கு மனுஷனைக் கொல்லும் விஷமே இல்லை என்றால் சிரிக்கிறார். பச்சைப்பாம்பு கண்ணைக் குத்தும் என்பதும் அந்த வகைதான். மண்ணுளியை அடிப்பதைவிட மோசம், அதைப் பிடித்து எடை பார்த்து லட்சத்துக்கு விலை பேசும் கும்பல்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, மாட்டினால் ஜெயில்.

பயப்பட வேண்டியதற்கு வருவோம். அறுப்புக் காலத்தில் வயலில் காலிலும் கையிலும் கடிப்பது பெரும்பாலும் கண்ணாடி விரியன். தடித்த உடம்பு, முதுகிலும் இரண்டு பக்கத்திலுமாக மூன்று வரிசை முட்டை வடிவ வட்டங்கள், கிட்டே போனால் குக்கர் மூச்சு விடுகிற மாதிரி நீளமாகச் சீறும். மலைப்பாம்புக் குட்டி என்று கையில் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். மலைப்பாம்பின் திட்டுகளுக்கு ஒழுங்கான வடிவம் இருக்காது, இதன் வட்டங்கள் வரிசை தப்பாது. முட்டை இடாது, ஒரே ஈற்றில் இருபது முப்பது குட்டி போடும், பிறந்த குட்டிக்கும் விஷம் உண்டு. சுருட்டை விரியன் ஒரு அடிச் சொச்சம்தான், காய்ந்த திறந்த நிலத்துக்காரன், பண்ருட்டிப் பக்கம் செம்மண்ணில் முந்திரிக்கொட்டை பொறுக்குகிறவர்கள் சருகுக்குள் கையை விடுமுன் குச்சியால் கிளற வேண்டியது இதற்காகவும்தான். உடம்பை உரசிச் சரசரவென்று சத்தம் கொடுக்கும், அதைக் கேட்டால் அப்படியே நில்லுங்கள். நல்ல பாம்பைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, புற்றுக்குப் பால் ஊற்றும் ஊரில் அதற்கு மட்டும் மரியாதை இருக்கிறது. பாலை அது குடிக்காது என்பதைச் சொல்லி நான் யாரிடமும் சண்டைக்குப் போவதில்லை.

தேவனாம்பட்டினம் பக்கத்துக்குச் சொந்தம் வைத்திருக்கும் ஒருவர் கடல் பாம்பைக் கேட்டார். புயலுக்கு அப்புறம் கரையில் ஒதுங்கும், வலையிலும் வரும். வால் துடுப்பாகப் பக்கவாட்டில் தட்டையாக இருந்தால் கடல் பாம்பு. நம்மிடம் இருக்கும் மருந்து அதற்கு வேலை செய்யாது, அதனால் செத்துக் கிடக்கிறது என்று வெறுங்கையால் வலையிலிருந்து பிரிக்காதீர்கள்.

பாம்பே பாவம், அது ஒன்றும் செய்யாது என்று பேசுகிறவர்களோடும் எனக்கு ஒத்துவருவதில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியில் போனவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்குச் சொன்னது, அதாவது வருஷத்துக்குச் சராசரியாக 58,000. கழுத்தில் பாம்பைப் போட்டு ரீல்ஸ் எடுக்கும் பையன்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அந்தத் தெரு புதுச்சேரியில் இருக்கிறது, ஆனால் கொஞ்சம் தெற்கே நடந்தால் தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டம், ஆற்றின் இரண்டு பக்கமும் ஒரே பாம்புதான்.

அப்புறம் செய்தவை

செங்கல் பின்வேலிக்கு, வீட்டிலிருந்து தள்ளிப் போய்விட்டது, இரண்டு வரிசைக்கு மேல் அடுக்குவதில்லை. கதவுக்கடியில் ரப்பர் பட்டி அடித்தார்கள், செலவு நூற்றுச் சொச்சம். தெருவில் நாலு வீட்டில் கட்டில் வந்தது. கட்டில் வாங்க முடியாதவர்களிடம் கொசுவலையைக் கட்டி ஓரத்தைப் பாய்க்கடியில் சுற்றிலும் செருகச் சொன்னேன். நேபாளத்தின் தெற்குத் தாழ்நிலத்தில் கொசுவலைக்குள் தூங்கியவர்களுக்குப் பாம்புக்கடி வெகுவாகக் குறைந்திருந்தது ஆய்விலேயே தெரிந்த விஷயம். செருகாமல் தொங்கவிட்டால் கொசுவுக்கும் பிரயோஜனம் இல்லை, பாம்புக்கும் இல்லை. அக்காவின் வீட்டுக்காரர் மட்டும் இடுப்பு வலிக்குத் தரைதான் ஒத்துக்கொள்கிறது என்று பிடிவாதமாக வலைக்குள் தரையில் படுக்கிறார். சரி, வலை இருக்கிறது.

வெள்ளிக்கோல் வரையன் படத்தையும் கட்டுவிரியன் படத்தையும் மேலும் கீழுமாக வைத்து ஒரே அட்டையாக ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம், கீழே பெரிய எழுத்தில் இரண்டு வரி: விடியற்காலையில் காரணம் தெரியாத வயிற்று வலியும் இமை இறக்கமும் வந்தால் பாம்புக்கடி என்றே வைத்துக்கொள்ளவும், கடிவாய் தேட வேண்டாம். கட்டு இறுக்காதே, கீறாதே, உறிஞ்சாதே, கடிபட்ட கை காலை அசைக்காமல் கொண்டுபோ என்பதையும் சேர்த்தோம். அந்த அட்டையை ஒட்டுவதைவிட நேரம் பிடித்தது, எந்த ஆஸ்பத்திரியில் ராத்திரி இரண்டு மணிக்கும் விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் இரண்டும் இருக்கும் என்று நேரில் போய்க் கேட்டு எழுதி வாங்கியதுதான். கடலூர்ப் பக்கம் ஒன்று, புதுச்சேரிப் பக்கம் ஒன்று. ஆற்றில் வெள்ளம் இருந்தால் எந்தப் பாலம், எந்த ரோடு என்பதையும் ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர் அட்டையின் பின்னால் வரைந்து கொடுத்திருக்கிறார்.